ஸ்பிரிட் புட்டி அலமாரிக்குள் போகட்டும்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் எரிதல் பாடம். நடுவில் சாராய விளக்கின் சுடர் படுத்துவிட்டது. அணைந்துவிட்டது என்று நினைத்து, புட்டியைத் திறந்து அப்படியே ஸ்பிரிட்டை ஊற்றினேன். திரியில் சுடர் இருந்திருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் லேசில் கண்ணுக்குத் தெரியாது. ‘பக்’கென்று மேசை முழுக்க நீலமாக ஓடியது. கை ரோமம் பொசுங்கியதோடு தப்பித்தேன். அன்று உடுத்தியிருந்தது பருத்திச் சேலை. பாலியஸ்டராக இருந்திருந்தால் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும்.

ஆய்வக உதவியாளர் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டுச் சொன்னார்: “ஊத்தணும்னா முதல்ல மூடியைப் போட்டு அணைங்க டீச்சர். விளக்கு ஆறட்டும். அப்புறம் ஊத்துங்க.”

பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்பிரிட் 20 டிகிரிக்குக் கீழேயே பற்றக்கூடிய ஆவியை விடும். நம் வகுப்பறைகளில் மார்கழியில்கூட அதைவிடச் சூடு. இப்போதெல்லாம் விளக்கை முன்கூட்டியே நிரப்பி, புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் தீக்குச்சியைத் தொடுவேன்.

சொல்லப்போனால், விளக்கே பெரும்பாலும் தேவையில்லை. மைக்கேல் ஃபாரடே 1860-ல் லண்டனில் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவத்தியை வைத்தே ஆறு சொற்பொழிவு நடத்தினார். அதில் வந்த சோதனைகளில் ஒன்றை நானும் செய்கிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெழுகுவத்தியை அணைத்ததும் நூல்போல எழும் வெள்ளைப் புகையில், திரிக்கு இரண்டு விரற்கடை மேலே, எரியும் குச்சியைக் காட்ட வேண்டும். சுடர் புகை வழியே கீழே குதித்துத் திரியில் உட்காரும். எரிவது திரியல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடைசி பெஞ்சுகூட எழுந்து நிற்கும்.

தட்டில் தண்ணீர், நடுவே மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளர். ஆக்சிஜன் தீர்ந்து ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறுகிறது என்றே பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவி மடக்கினாள்: “டீச்சர், ஆக்சிஜன் மெதுவாத்தானே தீருது? தண்ணி ஏன் அணைஞ்ச பிறகு விருட்டுனு ஏறுது?” பதில் இல்லை. மறுநாள் மூன்று மெழுகுவத்தி வைத்தோம். அதே டம்ளர், தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. ஐந்தில் ஒரு பங்குக் கணக்கு அங்கேயே உடைந்தது. சூடான காற்று விரிந்து, ஆறியதும் சுருங்குவதுதான் முக்கியக் காரணம். ஆக்சிஜனும் முழுதாகத் தீர்வதில்லை. 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16-க்கு இறங்கும்போதே மெழுகுவத்திச் சுடர் அணைந்துவிடும்.

மக்னீசியம் நாடா இரண்டு சென்டிமீட்டர் போதும். இடுக்கியில் பிடித்து, சுடரை நேராகப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பற்றவையுங்கள். அது மேசையில் விழுந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ கூடும், காய்ந்த மணல்தான்.

துப்பட்டாவுக்கு ஊக்கு, பின்னலுக்கு முதுகுப்பக்கம், சானிடைசர் தடவிய கைக்கு அன்று விடுமுறை. யாருக்காவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேனா மை, பற்பசை, தோசை மாவு என்று ஓடி வருபவர்களைத் தடுக்க ஒரு ஆள் தேவைப்படும்!

நாளை எரிதல் பாடம் எடுக்கப்போகிறவர்கள், சிவப்பு மணல் வாளிக்குள் இன்றே ஒருமுறை எட்டிப் பாருங்கள். எங்கள் வாளியில் போன மாதம் மணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு மிட்டாய்க் காகிதம் கிடந்தது.