குரங்கணித் தீயும் விண்வெளிக் கேமராவும்

கேள்வி: மலையில் தீப்பிடித்தால் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்களே, அவ்வளவு உயரத்திலிருந்து எப்படித் தெரியும்?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: காய்ந்த தோசைக்கல் ஒளிர்வதில்லை, ஆனால் உள்ளங்கையை அருகே கொண்டுபோனாலே சுடுகிறது. கைக்குத் தெரிந்து கண்ணுக்குத் தெரியாத அதுதான் அகச்சிவப்பு.

வெயிலில் காயும் நம் மலைச்சரிவு 10 மைக்ரான் அலைநீளத்தையொட்டி அகச்சிவப்பை அதிகம் வீசுகிறது. 500 டிகிரியில் எரியும் புல்லோ 4 மைக்ரானுக்குக் கொஞ்சம் கீழே. சுமார் 830 கி.மீ. உயரத்தில் சுற்றும் சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளின் ‘விர்ஸ்’ கருவி அந்த அலைநீளத்தில்தான் பார்க்கிறது. அதன் படத்தில் ஒரு கட்டம் தரையில் 375 மீட்டர். கட்டத்தின் மிகச் சிறிய மூலை எரிந்தாலும் அந்த அலைநீளத்தில் கட்டம் முழுவதன் ஒளிர்வும் எகிறிவிடும்.

வடிவமைப்பவர்களுக்குப் பெரிய தலைவலி கேமராவின் சொந்தச் சூடுதான். அதுவும் அகச்சிவப்பை வீசுமே! எனவே உணரியை மைனஸ் 193 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். மோட்டார் இல்லை, வெப்பத்தை இருண்ட விண்வெளிக்குக் கசியவிடும் தகடுகளே போதும். எனக்கு இதில் தீராத வியப்பு.

ஆனால் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. இப்படிச் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் நம் பக்கம் வருவதும் பெரும்பாலும் நாளுக்கு இருமுறைதான். இன்சாட்-3டி வகை வானிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கொருமுறை பார்க்கும். அதன் கட்டமோ 4 கி.மீ.

2018 மார்ச் 11 அன்று உங்கள் ஊரருகே குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளித் தீ 20 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. காற்றோடு ஏறும் தீ செயற்கைக்கோளின் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்காது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்குப் பொதுமக்களும் பதியலாம், பதிந்துவையுங்கள். புகை கண்டால் செய்திக்குக் காத்திராமல் வனத்துறையை அழையுங்கள்.