மணப்பை செய்வோம்: பூ நொறுங்கும் வரை பொறுப்போம்



டவுன் கடைகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ந்த பூவும் இலையும் பட்டையும் கலந்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "போபூரி" என்று பெயர் சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள். பெயர்தான் புதுசு. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே தாழம்பூ மடல் வைப்பதும், துணிப்பெட்டியில் வெட்டிவேர் போடுவதும் நம் பாட்டிமார் செய்ததுதானே? அதையே சின்னத் துணிப்பையில் போட்டுத் தைத்தால் அது மணப்பை. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தாம்பூலப் பையோடு கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.

செய்முறைக்குப் போகும் முன் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

200 பை திரும்பி வந்த கதை

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் பூ போடுகிற ஊர்களில் ஒன்றில் எனக்குப் பழக்கமான குழு இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்தில் ஒரு கல்யாண வீட்டார் 200 மணப்பை கேட்டார்கள். பை 25 ரூபாய், மொத்தம் 5,000 ரூபாய். குழுவுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். ஆடி கடைசியில் பூவைக் காயப்போட்டோம். நாலு நாள் சாரல். நாள் நெருங்கிவிட்டது. இதழைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஈரம் ஒட்டவில்லை. "பரவாயில்லக்கா, போட்டுத் தைங்க" என்று சொன்னது நான்தான்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்துப் போன் வந்தது. பைக்குள் பூஞ்சணம் பிடித்து, ஒரு பட்டுப்புடவையில் கறை இறங்கிவிட்டது. குழு கூடிப் பேசி, 5,000 ரூபாயையும் குழு நிதியிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ராத்திரி உட்கார்ந்து தைத்த கூலியும் போச்சு.

அந்தக் கூட்டத்தில் வயதான ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "ஏம் தாயி, எங்கம்மா மகிழம்பூவக் கையில நொறுக்கிப் பாத்துட்டுத்தான் பொட்டியில போடுவாக. ஒட்டலைங்கறது வேற, காஞ்சுருச்சுங்கறது வேற." படித்த எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான்.

எந்தப் பூ, எந்த இலை?

எல்லாப் பூவும் இதற்கு உதவாது. நம் மல்லிகைப்பூ மலரும்போதுதான் வாசத்தை உண்டாக்கி வெளியே விடுகிறது, இதழுக்குள் சேர்த்து வைப்பதில்லை. காய்ந்தால் வெறும் சருகு. ஆசைப்பட்டு மல்லியைப் போடாதீர்கள்.

வாசத்துக்கு: பன்னீர் ரோஜா, மகிழம்பூ, மரிக்கொழுந்து, துளசி, திருநீற்றுப்பச்சிலை. மகிழம்பூ காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் மணக்கும்.

நிறத்துக்கு: வாடாமல்லி, செண்டுமல்லி இதழ். வாடாமல்லி பேருக்கு ஏற்றபடி காய்ந்தாலும் நிறம் மாறாது.

வாசம் நிலைக்க: வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்குப் பொடி. நலங்கு மாவில் போடுகிற அதே கிழங்குதான். பூ வாசம் சீக்கிரம் பறந்துவிடும். வேர், கிழங்கு வாசம் மெதுவாகத்தான் போகும், மற்ற வாசத்தையும் பிடித்து வைக்கும். இது இல்லாமல் செய்தால் பதினைந்து நாளில் பை வெறும் பையாகிவிடும்.

கூடுதலாக: கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல்.

அரளிப்பூ பார்க்க அழகுதான், ஆனால் விஷம். குழந்தைகள் பையைப் பிரித்து வாயில் வைத்துவிடலாம். அதனால் அரளி வேண்டவே வேண்டாம். மருந்து தெளித்த பூவையும் தவிருங்கள். வீட்டுத் தோட்டத்துப் பூ என்றால் நமக்கே தெரியும், தைரியமாகப் போடலாம்.

காயவைக்கும் முறை

1. பனி ஈரம் உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பூப் பறியுங்கள். மழை பெய்த அன்று பறிக்க வேண்டாம்.

2. ரோஜாவை இதழ் இதழாகப் பிரியுங்கள். காம்பும் நடுப்பகுதியும் காய ரொம்ப நாளாகும், ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

3. நிழலில், காற்றோட்டமான இடத்தில், சுத்தமான பருத்தி வேட்டி அல்லது மூங்கில் தட்டில் பரப்புங்கள். இதழ் மேல் இதழ் விழக்கூடாது. நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், வாசமும் ஆவியாகப் போய்விடும்.

4. காலையும் மாலையும் கையால் கிளறிவிடுங்கள். ராத்திரி வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் முதல் நாள் வேலை வீண்.

5. வெட்டிவேரை மண் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, அரை அங்குலத் துண்டாக நறுக்குங்கள். ஆரஞ்சுத் தோலின் உள் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு வெயிலில் போடலாம்.

கோடையில் ரோஜா இதழ் ஐந்தாறு நாளில் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். மாசி, பங்குனி, சித்திரையில் காயவைத்துச் சேமியுங்கள். ஆர்டர் வந்தபின் பூவைத் தேடாமல், காய்ந்த பூவை முதலில் கையில் வைத்துக்கொண்டு ஆர்டர் எடுங்கள்.

இரண்டு சோதனை

நொறுக்கும் சோதனை: தட்டின் நடுவிலும் ஓரத்திலும் இருந்து இதழ் எடுத்துக் கசக்குங்கள். அப்பளம் போல நொறுங்க வேண்டும். வளைந்தால் காயவில்லை.

பாட்டில் சோதனை: ஒரு பிடி எடுத்துக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, ஒரு ராத்திரி ஒரு பகல் வையுங்கள். பாட்டில் உள்பக்கம் ஆவி பூத்திருந்தாலோ, இதழ் மறுபடி தொய்ந்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்பப் பரப்புங்கள். அன்றைக்கு நாங்கள் இந்த ஒரு பாட்டில் வைத்துப் பார்த்திருந்தால் 5,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

1 கிலோ கலவைக்கு (எல்லாம் காய்ந்த எடை)

பன்னீர் ரோஜா இதழ் 350 கிராம்
மரிக்கொழுந்து 150 கிராம்
வாடாமல்லி, செண்டுமல்லி 100 கிராம்
வெட்டிவேர் 100 கிராம்
ஆரஞ்சுத் தோல் 100 கிராம்
மகிழம்பூ 50 கிராம்
துளசி, திருநீற்றுப்பச்சிலை 50 கிராம்
கிச்சிலிக்கிழங்குப் பொடி 50 கிராம்
கிராம்பு, பட்டை 50 கிராம் (ஒன்றிரண்டாகத் தட்டியது)

350 கிராம் காய்ந்த இதழுக்குச் சுமார் 2 கிலோ பச்சை இதழ் வேண்டும். நீங்களே ஒரு தடவை எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

எல்லாவற்றையும் கலந்து, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, மூன்று நான்கு வாரம் இருட்டான இடத்தில் வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குலுக்கிவிடுங்கள். தனித்தனியாக இருந்த வாசமெல்லாம் சேர்ந்து ஒரே மணமாகும். அதன்பின் மல் துணியிலோ மெல்லிய பருத்தித் துணியிலோ 25 கிராம் வீதம் போட்டுத் தையுங்கள். 40 பை வரும்.

வாசம் கூட்டத் தேங்காய் எண்ணெயில் எதையும் கலக்காதீர்கள், சிக்கு வாடை வரும். எலுமிச்சைப்புல் எண்ணெய் வேண்டுமானால் சில சொட்டைக் கிழங்குப் பொடியில் விட்டுப் பிசறி அப்புறம் சேருங்கள். நேரே விட்டால் துணியில் கறை படும்.

கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பூ, இலை, வேர், மசாலா: 370 ரூபாய்
துணி, நூல் (40 பை): 160 ரூபாய்
சீட்டு, மேலுறை: 80 ரூபாய்
கூலி (10 மணி நேரம், 50 ரூபாய் வீதம்): 500 ரூபாய்
மொத்தம்: 1,110 ரூபாய்

ஒரு பைக்கு அடக்க விலை 27 ரூபாய் 75 காசு. நாங்கள் அன்று 25 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டோம்! வீட்டுப் பூதானே, வீட்டு வேலைதானே என்று பூவுக்கும் கூலிக்கும் விலை போடாததால் லாபம் மாதிரி தெரிந்தது. பூஞ்சணம் பிடிக்காமல் இருந்திருந்தாலும் அந்த ஆர்டரில் நம் உழைப்புக்கு முழுக்கூலி கிடைத்திருக்காது. உங்கள் கூலியை முதலில் எழுதுங்கள்.

விற்கும் பொட்டலத்தில் பொருளின் பெயர், எடை, தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச விலை, குழுவின் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும். 2011-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கேட்கின்றன. "சாப்பிடும் பொருள் அல்ல, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்" என்றும் எழுதுங்கள். பூச்சி வராது, நோய் போகும் என்றெல்லாம் எழுத வேண்டாம். வாசம் தரும் பை, அவ்வளவுதான்.

அந்தக் குழு இந்தத் தொழிலை விட்டுவிடவில்லை. அடுத்த பங்குனியில் முதலில் 10 பை மட்டும் செய்து, உறுப்பினர் வீட்டுப் பீரோவிலேயே இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள். கறை இல்லை, வாசம் இருந்தது. அதற்குப் பிறகுதான் வெளியே கொடுத்தார்கள். பாட்டில் சோதனைப் பொறுப்பு அந்த வயதான அம்மாவிடம்தான். அவர் சரி சொல்லாமல் ஒரு பையும் தைப்பதில்லை, நான் அவசரப்படுத்தினாலும்!

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் வீடுகளில் என்னென்ன வாசனைப் பூ, இலை இருக்கிறது? ஒரு பட்டியல் போடுங்கள்.

2. அவசர ஆர்டர் வந்து, பூ காயாமல் இருந்தால் என்ன பதில் சொல்வோம்? யார் சொல்வது?

3. நம் குழு இப்போது செய்யும் பொருட்களுக்கு விலை போடும்போது கூலியைச் சேர்க்கிறோமா?