கடல் கடந்து வந்த பொருள்

பொருளை ஈட்டுதல் ஒன்று. ஈட்டியதைத் தன்னூர் கொணர்தல் மற்றொன்று. கொணர்ந்ததை அழியாது காத்தல் வேறொன்று. இவ்வுண்மையை நமது பழனிமலைத் தொடரே நமக்குக் கற்பிக்கின்றது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வமிசத்தாருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் உடன்பட்டனர். சேமநிதியும் பணிக்கொடையும் உள்ளிட்ட உடைமையைக் கொண்டுசெல்ல அவர்க்கு இசைவுண்டு. குடும்பமொன்றுக்குரிய உச்ச அளவை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைத்தலாகாதென்பதும் அவ்வுடன்படிக்கையிற் கண்டது. அங்ஙனம் வந்தோருட் சிலர் கொடைக்கானல் மலையிற் குடியேறினர். கைப்பொருள் கரையவே, அவருட் சிலர் மரம்வெட்டுங் கூலிகளாகி, முன்பணக் கடனாற் கொத்தடிமைப்பட்டனர். பொருள் கடல் கடந்தது, வேர்கொள்ளவில்லை. தாயகம் திரும்பியோர்க்கென 1969இல் ரெப்கோ வங்கி தோன்றியதன் தேவை இதனால் விளங்கும்.

இந்நாளில் அயல்நாட்டில் உழைப்போர்க்கு வழி எளிது. வெளிநாடு வாழ்வோர்க்குரிய என்.ஆர்.இ. கணக்கில் இட்ட முதலும் வட்டியும் தடையின்றித் திரும்ப அனுப்பத்தக்கன. அவ்வட்டிக்கு இந்தியாவில் வருமானவரி இல்லை. வங்கி முறியினும், ஒரு வங்கியில் ஒருவர்க்கு 5 லட்சம் ரூபாய்வரை வைப்புக் காப்புறுதியுண்டு. உண்டியல் வழியோ சட்டவிரோதமானது. பணம் மறைந்தால் முறையிட இடமில்லை.

ஆதலின், மாணவர்காள், அயலிலிருந்து இல்லத்திற்குப் பணம் வருங்கால் மூன்று வினவுக: எவ்வழி வந்தது? எவர் பெயரில் உள்ளது? எப்பொழுது கையில் வேண்டும்? ஆறு திங்கட் செலவுக்குரியதை எளிதில் எடுக்குமாறு வைத்து, எஞ்சியதையே நீண்டகால முதலீடாக இடுக. அவ்வொதுக்கமே முன்பணக் கடனைத் தலைவாயிலில் தடுத்து நிறுத்தும்.