எமது சனலை ஏன் ஒருவரும் பார்ப்பதில்லை?



உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை யூரியூபில் சனல் தொடங்கியிருக்கலாம். முதல் வாரம் வீடே கலகலப்பாக இருந்திருக்கும். கனடா மாமா தொடக்கம் அயல்வீட்டு அன்ரி வரை எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்து, "சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ" என்று கேட்டு 200 பேரைச் சேர்த்தாயிற்று. மூன்று மாதம் சென்றபின், ஒரு படத்தைப் பார்ப்பவர்கள் 30 பேர்தான். பிள்ளை சோர்ந்துபோகிறது; தன்னை யாரோ வேண்டுமென்றே மறைப்பதாக எண்ணுகிறது. பெற்றோரோ, பிள்ளைக்குத் திறமை இல்லையென்று தீர்மானிக்கின்றனர். இரண்டும் அவசர முடிவுகளே.

பத்திரிகை நடத்தும் எமக்கு இவ்விடயம் முதலில் விளங்கவில்லை. எமது சந்தாதாரர் எல்லோருக்கும் ஒரே இதழ்தான் வாசலுக்குப் போகிறது. யூரியூபில் அப்படியன்று. அங்கே ஆளுக்கொரு முதற்பக்கம். ஒருவர் முன்பு எதைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், எதை வேண்டாமென்று தள்ளினார் என்பவற்றைக் கணினி கவனித்து, அவருக்குப் பிடிக்கக்கூடியதை எடுத்துக் கொடுக்கிறது. சனலுக்கு ஆள் தேடுவது அதன் வேலையன்று. ஆளுக்குப் படம் தேடுவதே அதன் வேலை. மக்கள் அங்கு செலவிடும் நேரத்தில் 70 வீதத்துக்கு மேல் இவ்வாறு எடுத்துக் கொடுக்கப்பட்ட படங்களிலேயே கழிகிறதென 2018 இல் அந்நிறுவனத்தாரே கூறினர்.

முன்னர், எத்தனை பேர் படத்தைத் திறந்தார்கள் என்பதே பெரிதாக எண்ணப்பட்டது. அதனால் பொய்த் தலைப்புகள் மலிந்தன. 2012 இல், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தார்கள். இனி மாமாவின் கதையைப் பாருங்கள். அவர் அன்பினால் சேர்ந்தார். படத்தைத் திறந்து 20 செக்கனில் மூடிவிட்டார். அவருடைய அன்பு கணினிக்குத் தெரியாது. மூடியது மாத்திரமே தெரியும். ஆகையால் அடுத்த படம் அவர் கண்ணில் படாமலே போகலாம். காசு கொடுத்துச் சந்தாதாரரைச் சேர்ப்பதும், "நீ என்னைச் சேர், நான் உன்னைச் சேர்கிறேன்" என்ற ஒப்பந்தமும் இதைவிட மோசம். அவை அந்நிறுவனத்தின் விதிகளுக்கும் மாறானவை.

பரீட்சைப் படிப்பைத் தள்ளிவைத்து, இதிலேயே உழைக்கலாம் என்று நம்பும் பிள்ளைகளும் உண்டு. அவர்களோடு இருந்து இக்கணக்கைச் செய்து பாருங்கள். நீண்ட படங்களுக்கு விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க, 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி என்பது 240,000 நிமிடம். ஒருவர் ஒரு படத்தில் 3 நிமிடம் தங்கினால், 80,000 தடவை பார்க்கப்பட வேண்டும். உறவினரைக் கொண்டு இது நடவாது.

அப்படியானால் அந்நியர் ஏன் வருவார்கள்? அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004 இல், வேறு நகரிலிருந்த தமது உறவுக்காரச் சிறுமிக்குத் தூரத்திலிருந்தே கணிதம் சொல்லிக்கொடுத்தார். வேறு பிள்ளைகளும் கேட்கவே, 2006 இல் பாடங்களை யூரியூபில் இட்டார். பாடங்கள் ஒரு பிள்ளையின் தடுமாற்றத்துக்காகவே ஆரம்பித்தவை. அதே இடத்தில் தடுமாறிய ஊர்பேர் தெரியாத பிள்ளைகள் அவற்றைத் தேடி வந்தார்கள். 2009 இல் அவர் வேலையை விட்டு இதற்கென்றே இறங்கினார். இன்று அது கான் அகாடமி.

எங்கள் பிள்ளைகளின் சனல்களில் இந்த ஒருவர்தான் இல்லை. இன்று சமையல், நாளை கிரிக்கெட், மறுநாள் கடற்கரை உலா. சமையலுக்கு வந்தவர் கிரிக்கெட்டைத் திறப்பாரா? போதாக்குறைக்கு, முதல் ஒன்றரை நிமிடம் வணக்கமும் தன்னறிமுகமும். (பிரசங்கிகளாகிய எமக்கும் இந்நோய் உண்டு.) காற்றிரைச்சலில் பேச்சே கேளாத படங்களும் பல.

எந்த இடத்தில் பார்த்தவர்கள் எழுந்து போனார்கள் என்பதை யூரியூப் ஸ்ரூடியோவில் ஒரு கோடு காட்டும். சந்தாதாரர் தொகையை விட்டுவிட்டு, ஒரு மாலையில் பிள்ளையோடு இருந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். அது சடுதியாக இறங்கும் செக்கனில் பிள்ளை என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று இருவருமாகக் கேளுங்கள். அடுத்த படத்தில் திருத்தவேண்டிய முதல் இடம் அதுவே.