உண்ட உணவு எங்கே போகிறது?

விளையாட்டு விழாப் பயிற்சியின்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். உடல் மெலிய வேண்டுமென்று ஒரு வாரமாக அவள் காலை உணவைத் தொடவில்லையாம். “உடம்பில்தான் கொழுப்பு இருக்கிறதே, அது கரையட்டும் என்று நினைத்தேன்” என்றாள். அவள் எண்ணியது சரிதானா? அறிவியல் ஆசிரியையிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நாங்கள் அறிந்ததை இங்கே தருகிறோம்.

நாம் உண்ணும் சோறும் இட்டலியும் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதன் ஏவலால் கல்லீரலும் தசைகளும் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கின்றன. வளர்ந்தவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இவ்வாறு தங்கும். 1857இல் கல்லீரலிலிருந்து கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்ட்.

இக்கிடங்குகள் நிறைந்த பின்னும் நாம் தின்றுகொண்டே இருந்தால், மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. எனவே எண்ணெய்ப் பண்டம் மட்டுமன்று, அளவு மீறிய இனிப்பும் சோறுங்கூடக் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். தசைகளிலும் சிறு கொழுப்புத் துளிகள் உண்டு. ஓடியாடி உழைப்பவருக்கு அவை எரிபொருள். உழைக்காதவருக்கோ அவை தேங்கி, தசைகள் இன்சுலினின் சொல் கேளாமற் போவதும் உண்டு.

இனி, பட்டினிக்கு வருவோம். இரவு நாம் உறங்கும்போது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து மூளைக்குச் சர்க்கரை அனுப்புகிறது. தசையோ தன் சேமிப்பைத் தானே செலவிடும், இரத்தத்திற்குத் தராது. விடியும்போது கல்லீரலின் கையிருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அப்போதும் உண்ணாவிட்டால், உடற்கொழுப்பு கரையத்தான் செய்கிறது. ஆனால் அக்கொழுப்பின் பெரும்பகுதியைச் சர்க்கரையாக மாற்ற உடலால் இயலாது. பட்டினி நீண்டால், தசையின் புரதத்தையே கரைத்து மூளைக்குச் சர்க்கரை தயாரிக்க வேண்டியதாகிறது. கரைந்து வரும் கொழுப்பில் ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குவதும் உண்டு!

ஆகவே எங்கள் தோழியின் எண்ணம் பாதிதான் சரி. கொழுப்பைக் கரைக்க நினைத்தவள், ஓடுவதற்கு வேண்டிய தசையையும் அல்லவா கரைக்கத் துணிந்தாள்! மயக்கத்திற்குக் காரணங்கள் பல. ஆனால் வெறும் வயிறும் வெயிலும் சேர்ந்தால் ஆபத்துத்தான்.

இப்போது அவள் காலையில் இட்டலியும் சாம்பாரும் உண்டுவிட்டே மைதானத்திற்கு வருகிறாள். விழாவன்று தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை ஓடி முடித்தவளும் அவளே.

தோழியரே! வேளைக்கு உண்போம், அளவோடு உண்போம், உண்டதற்கேற்ப உழைப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி