பாடம் சிரித்தவர்களுக்கு

கேள்வி:

பேத்தமங்களாவில் ஒரு கன்னட வழிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. எங்கள் பிள்ளைகள் பலரும் வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசிவிட்டு, பள்ளிக்கு வந்து கன்னடத்தில் படிப்பவர்கள்.

நவம்பர் 1, கர்நாடக ராஜ்யோத்சவத்தன்று என் வகுப்பு மாணவி ஒருத்தி மேடையில் கன்னடத்தில் பேசினாள். தங்கவயல் பக்கமிருந்து வருகிற தமிழ்ப் பிள்ளை. இரண்டு மூன்று இடத்தில் உச்சரிப்பு தடுமாறியது, எல்லோரும் சிரித்தார்கள். யாரோ எடுத்த வீடியோவில் அந்த நாலு வார்த்தையை மட்டும் வெட்டி, பாட்டுச் சேர்த்து, வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான் ஒரு பையன். மறுநாள் அவள் முகம் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. இப்போது யார் எது சொன்னாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான். இன்ஸ்டாகிராமில் அவள் பெயரில் போலிக் கணக்கு ஒன்றும் வந்திருக்கிறது. நாலு நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை.

வீடியோ செய்தவன் நன்றாகப் படிக்கிற பையன். கேட்டால் "சும்மா தமாஷுக்கு மிஸ்" என்கிறான். "புல்லியிங், சைபர் புல்லியிங் பற்றி ஒரு பீரியடு எடுத்துவிடுங்கள், ஒரு போஸ்டர் போட்டி வையுங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். என்ன சொல்லிக்கொடுப்பது? இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் செய்துவைக்கலாமா? போலீசுக்குப் போகவேண்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று மேடை ஓரத்தில் நின்ற நானும் சிரித்துவிட்டேன். நானும் தமிழ் வீட்டுப் பெண்தான்.

ஓர் ஆசிரியை, பேத்தமங்களா

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசி இரண்டு வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. எழுதினீர்கள், அதனால் மனம்விட்டுப் பேசுகிறேன். அந்தப் பீரியடைத் தள்ளிவையுங்கள். முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள், இன்றைக்கே. போன் செய்யவேண்டாம்; போன் சத்தம் கேட்டாலே அவளுக்கு இப்போது வயிறு கலங்கும்.

2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து தங்கவயல்காரர்கள் பலருக்கும் பிழைப்பு பெங்களூரில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். விடியுமுன் ரயிலேறி இரவு திரும்புகிறவர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால், அது அப்பாவின் சட்டைப்பையில் வீடு வந்து சேர இரவு ஒன்பது ஆகும். பகலெல்லாம் குழுவில் என்ன ஓடியது என்று தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை, அப்போதுதான் திறந்து பார்க்கிறது. நூற்றுச் சொச்சம் செய்தி. அத்தனையிலும் தன் முகம். பக்கத்தில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சொன்னால் "இனிமே போனைத் தொடாதே" என்பார். அதனால் சொல்லாது. நம் காலத்துக் கேலி பள்ளிக்கூட வாசலோடு நின்றது. இது படுக்கிற பாய் வரைக்கும் வருகிறது.

அவளிடம் போய், "நீ பேசினப்போ நானும் சிரிச்சிட்டேன்மா, தப்பு என்னோடது" என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். "வேணும்னு சிரிக்கல" என்று இழுத்தீர்களானால் அந்தப் பையன் சொல்வதையேதான் நீங்களும் சொல்கிறீர்கள். "கண்டுக்காதே", "தைரியமா இரு" என்பதையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நாலு நாளாக அவள் செய்துகொண்டிருப்பது அதைத்தான். சாப்பாடு, தூக்கம் எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருந்தால் அன்றே 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம். நேரில் பார்ப்பதென்றால் பெங்களூர் நிம்ஹான்ஸில் போன், இணையம் சார்ந்த தொல்லைகளுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது.

போலிக் கணக்கை இன்றே கவனியுங்கள். கணக்கின் பெயர், முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே 'ரிப்போர்ட்' செய்யுங்கள். அவசரத்தில் முதலில் நீக்கிவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது. வாட்ஸப் குழுவில் யார் போட்டதையும் குழு அட்மின் எல்லோருக்குமாக நீக்கமுடியும். அட்மின் யாரென்று பார்த்து அவரைக்கொண்டே செய்யவையுங்கள். ஒரு எச்சரிக்கை: எந்தப் பிள்ளையின் படமாவது ஆபாசமாக மாற்றப்பட்டிருந்தால் அதை 'ஆதாரம்' என்று உங்கள் போனில் வாங்கிச் சேமிக்கவும் கூடாது, பிறருக்கு அனுப்பவும் கூடாது. அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட விவகாரம். தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே அந்தச் சட்டப்படி குற்றம்.

சமாதானப் பேச்சு வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் சரிக்குச் சரி சண்டை போட்டால் சமாதானம் பேசலாம். இங்கே ஒருபக்கம் ஒரு பிள்ளை, மறுபக்கம் ஒரு வகுப்பு. அவனுக்கு எதிரே அவளை உட்காரவைத்தால் "பரவால்ல மிஸ்" என்றுதான் சொல்வாள். வேறென்ன சொல்லமுடியும்?

புகாரைக் கையாளுவதில் பெரியவர்கள் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாங்குநேரி இருக்கிறது. 2023 ஆகஸ்டில், வள்ளியூரில் படித்துவந்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன் உடன் படித்தவர்களின் சாதிச் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பள்ளியில் வரவழைத்து விசாரித்தார்கள், நடந்ததைச் சொன்னான். அன்றிரவே அந்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை மருத்துவமனையிலிருந்து மீண்டு, மறு ஆண்டு பிளஸ் டூவில் 600-க்கு 469 எடுத்தான். மாணவரிடையே இப்படிப்பட்ட சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்லத் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உங்கள் ஊரில் நடந்தது அந்த அளவுக்குப் போகவில்லை, போகவும் போகாது என்றே நம்புவோம். ஆனால் புகார் சொன்ன பிள்ளை யார் கண்ணிலும் படாமல் பேசவும், பேசிய பிறகு பத்திரமாக வீடு போகவும் ஏற்பாடு இல்லாமல் எந்த விசாரணையையும் தொடங்காதீர்கள்.

இனி அந்தப் பீரியடு. போஸ்டரில் பிள்ளைகள் அழகாக வரைவார்கள், பரிசு வாங்குவார்கள். அன்றிரவே ஸ்டிக்கர் மறுபடி ஓடும். வரைந்தவர்கள் யாரும் தங்களைச் 'சீண்டுகிறவர்கள்' என்று நினைத்துக்கொள்வதில்லை. பார்த்துச் சிரித்தவர்கள்தானே! உங்கள் பாடம் அவர்களுக்குத்தான். வீடியோ செய்தவன் ஒருவன். அதற்குச் சிரிக்கிற முகத்தைப் போட்டவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். மீதிப் பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள். இரவு பத்து மணிக்கு அவள் எண்ணிப் பார்ப்பது இந்த மூன்றாவது கூட்டத்தை. 'இவளும் பார்த்துட்டாளா, இவளும் ஒண்ணும் சொல்லலையா' என்று.

இது என் சொந்த யூகம் இல்லை. 1982-ல் நார்வேயில் சிறுவர்கள் மூவர் பள்ளிச் சீண்டலால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, டான் ஓல்வேயஸ் என்கிற உளவியலாளரை வைத்து நாடு முழுக்கப் பள்ளிகளில் வேலை செய்தார்கள். ஒரு பையனைத் திருத்துவதோடு நிறுத்தாமல் பள்ளியையே மாற்றுவது அவர் முறை. பின்லாந்தின் 'கிவா' திட்டம் இன்னும் ஒருபடி போய், பார்த்துக்கொண்டிருக்கிறவர்களையே மையமாக வைத்தது. கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. சக பிள்ளை யாராவது குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே நொடியில் சீண்டல் நின்றிருக்கிறது. ஆனால் அப்படிக் குறுக்கே வருவதுதான் அபூர்வம்.

ஏன் வருவதில்லை? மனசில்லாமல் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாது. சொன்னால் அடுத்த ஸ்டிக்கர் நாமாகிவிடுவோமோ என்ற பயம். அதனால் வீரவசனம் கற்றுக்கொடுக்காதீர்கள். சின்ன வார்த்தைகளைக் கற்றுக்கொடுங்கள். குழுவில் எதுவும் சொல்லப் பயமா? அவளுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பலாம்: "பாத்தேன். எனக்குப் பிடிக்கல. நாளைக்கு என் பக்கத்துல உக்காரு." ஸ்டிக்கர் வந்தால் சிரிக்காமல் விடலாம், பேச்சை வேறு பக்கம் திருப்பலாம், ஒரு பெரியவரிடம் சொல்லலாம். இதை இரண்டிரண்டு பேராக வாய்விட்டுச் சொல்லிப் பழக வையுங்கள். கன்னடத்திலும் சொல்லட்டும், தமிழிலும் தெலுங்கிலும் சொல்லட்டும். நீச்சல் மாதிரிதான், தண்ணீரில் இறங்கினால்தான் வரும்.

நான் ஒரு பள்ளியில் செய்ததைச் சொல்கிறேன். "யார் உன்னைச் சீண்டினார்கள்" என்று கேட்கவே இல்லை. ஆளுக்கொரு துண்டுத் தாளில் பள்ளிக்கூடத்தை வரையச் சொன்னேன். போகப் பிடிக்காத இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பெயர் எழுத வேண்டாம். தாள்களை அன்று மாலை மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் குறிமேல் குறி. அழுத்திப் போட்டதில் சில தாள் கிழிந்தே இருந்தது. அந்தப் பள்ளியில் மூன்று வருஷமாகப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் வீடு போயிருக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஆசிரியர் இடைவேளையில் அங்கே போய் நின்றார், அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகளிடம் இதோடு போனையும் வரையச் சொல்லுங்கள். எந்தக் குழுவைத் திறக்கப் பிடிக்கவில்லை என்று குறிக்கட்டும். அவள் வீடியோவை மட்டும் 'உதாரணம்' என்று காட்டிவிடாதீர்கள். அவள் ஒப்புக்கொள்ளாமல் அவள் பெயரும் வகுப்பில் வரக்கூடாது.

அப்புறம் மொழி. நீங்கள் அறிவியல் ஆசிரியை என்றாலும் இதை நீங்களே செய்யுங்கள். அவள் எங்கே தடுமாறினாள் என்று எழுதவில்லை, எனக்குத் தெரியும். 'க'வில்தான் இருக்கும். கன்னடத்தில் அந்த இடத்தில் நாலு ஒலி, நாலு எழுத்து; நமக்கு எழுத்து ஒன்றே ஒன்று. ஒரே எழுத்தை வைத்து வளர்ந்த நாக்கு மேடையில் நாலையும் தேடுகிறது. அது முட்டாள்தனம் இல்லை, இரண்டு மொழியைச் சுமக்கிற நாக்கு. கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கூடவே நம் 'ழ'வைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், சிரிக்காமல். பழைய கன்னடத்தில் 'ழ' இருந்தது, பிறகு வழக்கொழிந்தது என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணை அகல விரிப்பார்கள்.

ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதற்காகப் பெரும்பாடு பட்ட மண் உங்களுடையது. தங்கள்மேல் சாதியின் பேரால் ஒட்டிய இழிபெயர்களை ஏற்கமாட்டோம் என்று 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியதைத் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். அவர் மறைந்த பிறகு, 1920-களில் அந்த இதழ் தங்கவயலிலிருந்தே மறுபடி வந்தது. உங்கள் மாணவியின் கொள்ளுத்தாத்தா காலத்துக் கதை. பட்டப்பெயர் என்றால் என்ன என்று விளக்க இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

பையனுக்கு வருகிறேன். வகுப்பின் முன் நிறுத்தித் திட்டாதீர்கள். அவன் செய்ததையே நாம் அவனுக்குச் செய்வதாகிவிடும். தனியே கூப்பிட்டு, வீடியோவை யார் யாருக்கு அனுப்பினான் என்று பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் போய் நீக்கச் சொல்லும் வேலை அவனுடையது. பெயர் பெயராக எழுதும்போது 'தமாஷ்' என்கிற வார்த்தை தானாகச் சுருங்குவதைப் பார்ப்பீர்கள். அவன் பெற்றோருக்குச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கிறான் என்பதற்காக மறைக்காதீர்கள்.

போலீஸ் பற்றி. போலிக் கணக்கைத் தொடங்கியது அவன்தானா என்று உங்களுக்கே தெரியாது. அது நீங்காவிட்டாலோ, வேறு யாராவது அதை வைத்து மிரட்டினாலோ, தேசிய சைபர் குற்றத் தளத்தில் அவள் பெற்றோரோடு சேர்ந்து புகார் பதியுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஒரு மாணவரைச் சீண்டி இழிவுபடுத்துவதற்குத் தடையும் தண்டனையும் 1983-ஆம் ஆண்டுக் கர்நாடகக் கல்விச் சட்டத்திலேயே 'ராகிங்' என்ற பெயரில் இருக்கிறது. செய்தவன் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிச் சட்டப்படிதான் எதுவும் நடக்கும். சிறைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் யாரும் வாயை மூடவேண்டியதில்லை.

அவள் திரும்பி வருகிற நாளில் கைதட்டி வரவேற்கவேண்டாம், எல்லாக் கண்ணும் அவள்மேல் விழும். முந்தின நாளே இரண்டு பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பஸ் நிறுத்தத்தில் அவளுக்காக நிற்கட்டும், பேசிக்கொண்டே கூட்டிவரட்டும். அவள் சம்மதித்திருந்தால், அன்று முதல் பீரியடில் வகுப்பைப் பார்த்து, "ராஜ்யோத்சவத்தன்னைக்கு நான் சிரிச்சேன், அது தப்பு" என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அன்றைய அறிவியல் பாடத்தை எடுங்கள்.