இணையத் தரகும் துறை தெரிதலும்

தமிழாசிரியராகிய நாம் யூபிலி மலருக்குக் கட்டுரை வரையப் புகின், பழஞ்செய்யுளோ இலக்கணமோ பொருளாதல் வேண்டும் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். இம்முறை அவ்வழக்கத்தை விடுத்து வாணிகம் பற்றிச் சில கூற விழைகின்றோம். அதற்குக் காரணம் நம்மிடம் பயின்ற ஒரு மாணவன். உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகம் புகுதற்குரிய புள்ளி கிடையாதுபோன அவன், வீட்டிலிருந்தவாறே இணையத்தில் மாதம் இலட்சம் ரூபா உழைக்கலாம் என்று விளம்பரம் செய்த வகுப்பொன்றிற் சேர்ந்தான். கட்டணத்துக்காகத் தாயாரின் சங்கிலி அடைவு வைக்கப்பட்டது. ஆறு மாத முயற்சியின் பின் அவன் கையில் வந்த தொகை நானூறு ரூபாவுக்கும் குறைவு.

தான் எழுதியவற்றை அச்சிட்டு எடுத்துவந்து, “சேர், என்ரை மொழியிலை ஏதும் பிழையோ?” என்று கேட்டான். வாசித்துப் பார்த்தோம். மொழியிற் பெரும் பிழை இல்லை. கைப்பேசிகளைப் பற்றி எழுதியிருந்தான். அவ்வகுப்பிலிருந்த எல்லார்க்கும் அதுவே துறையாகச் சொல்லப்பட்டிருந்தது. அவன் எழுதிய கைப்பேசிகளில் ஒன்றையேனும் அவன் கையில் வைத்துப் பார்த்ததில்லை. பிழை அங்கேதான் என்று தோன்றியது. ஆயினும் தோன்றுவதை மட்டும் சொல்லி ஒருவனை அனுப்பிவிடுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே அவனோடு சேர்ந்து நாமும் கற்கலானோம். கற்றவற்றுட் சில இங்கே தரப்படுகின்றன.

அஃபிலியேற் மார்க்கெற்றிங் என்று சொல்லப்படும் இத்தொழில் அடிப்படையில் நம்மவர்க்குப் புதியதன்று. அது தரகு. தரகனுக்குச் சொந்தச் சரக்கு இல்லை. வாங்குவோனையும் விற்போனையும் கூட்டிவைத்துத் தன் பங்கைப் பெறுகிறான். இணையத் தரகன் ஒரு வலைத்தளம் அமைத்து, அதிற் பொருள்களைப் பற்றி எழுதி, விற்கும் கடைக்குச் செல்லும் தொடுப்பை அங்கே வைக்கிறான். அத்தொடுப்பில் அவனுக்கென்று ஓர் அடையாளக் குறி உண்டு. அதன்வழிச் சென்ற வாசகர் பொருளை வாங்கினால், இன்னார் அனுப்பிய ஆள் என்று கடை அறிந்து நூற்றுக்கு இவ்வளவு எனக் கொடுக்கிறது. அமேசன் நிறுவனம் 1996இல் இம்முறையைத் தொடங்கிய பின்னர் இது உலகெங்கும் பரவிற்று.

தரகன் எப்பொருளைப் பற்றி எழுதுவது என்பதே முதல் வினா. ஆங்கிலத்தில் இதனை நிச் என்பர். சுவரிற் குடைந்த மாடத்துக்கு வழங்கும் சொல் அது. நம் பழைய வீடுகளில் விளக்கு வைக்கும் மாடத்தை நினைத்துக்கொண்டால் பொருள் எளிதில் விளங்கும். மாடம் பெரிதாயிருந்தாற் காற்றுப் புகுந்து விளக்கை அணைத்துவிடும். மிகச் சிறிதாயிருந்தால் விளக்கே அதனுள் அடங்காது. ‘கைப்பேசி’ என்னும் துறை பெருமாடம். அங்கே பல்லாண்டு பழகிய பெரிய தளங்கள் இருக்கின்றன. உடுப்பிட்டியிலோ கொக்குவிலிலோ இருந்து ஒரு மாணவன் அவற்றோடு போட்டியிடுதல் இயலாது. மறுபுறம், ‘பனையோலைக் கடகம்’ என்னும் துறையிற் போட்டி அரிது. ஆனால் அதனை இணையத்தில் தேடி வாங்குவோரும் அரியர்.

வருவாய்க் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாதத்தில் ஆயிரம் பேர் தளத்துக்கு வருகின்றனர் என்றும், அவருள் ஐம்பது பேர் தொடுப்பை அழுத்த, இருவர் வாங்குகின்றனர் என்றும் கொள்வோம். பொருளின் விலை 3,000 ரூபா, தரகு நூற்றுக்கு ஐந்து எனின் வருவாய் 300 ரூபா. விலை 60,000 ரூபா, தரகு நூற்றுக்கு மூன்றே எனின் வருவாய் 3,600 ரூபா. தரகு வீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுவோர் பலர். வீதத்தையும் விலையையும் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். வாங்கியவர் மீண்டும் வாங்க வருவாரா என்பதையும் அதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். தையற் பொறி வாங்கியவருக்கு ஊசியும் நூலும் பின்னர் வேண்டும். அலுமாரி வாங்கியவருக்குப் பின்னர் ஒன்றும் வேண்டாம்.

இதனினும் முதன்மையானது அறிவு. எழுதுவோன் அப்பொருளை அறிந்தவனாயிருத்தல் வேண்டும். 2021 ஏப்ரலிற் கூகிள் நிறுவனம், பொருள்களைப் பற்றிய மதிப்புரைகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. பிறர் எழுதியதைத் தொகுத்தெழுதிய பக்கங்கள் கீழிறங்கவும், பொருளை ஆராய்ந்து எழுதியவை மேலேறவும் வேண்டும் என்பதே அம்மாற்றத்தின் நோக்கம். வயர்கட்டர் என்னும் அமெரிக்கத் தளம் இதற்குப் பல்லாண்டு முன்னரே அவ்வழியிற் சென்றது. 2011இல் பிரையன் லாம் என்பார் அதனைத் தொடங்கினார். நாள்தோறும் புதுச் செய்தி எழுதாமல், ஒரு பொருளை எடுத்து அதன் வகைகளை நெடுநேரம் பரிசோதித்து, இதை வாங்குக என்று ஒன்றைச் சுட்டுவதே அதன் முறை. 2016இல் நியூயோர்க் ரைம்ஸ் நிறுவனம் ஏறத்தாழ முப்பது மில்லியன் டொலர் கொடுத்து அதனை வாங்கிற்று.

எனினும் நல்ல துறையும் ஒரே கையை நம்பியிருந்தால் இடருக்குள்ளாகும். யாழ்ப்பாணத்தார்க்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் நம் தோட்டங்களிற் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் பொன்னாய் விளைந்தன. அது நாம் பிறப்பதற்கு முன்னைய காலம். ஆயினும் மிளகாய்ப் பணத்தில் எழுந்த கல்வீடுகளை இன்றும் காண்கிறோம். இம்மலரை வாசிக்கும் முதிய பழைய மாணவர் சிலர் அப்பணத்திற் படித்தவராயும் இருப்பர். 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுச் சரக்கு வந்திறங்க, விலை வீழ்ந்தது. கமக்காரன் செய்த பிழை ஒன்றுமில்லை. விலையை நிலைநிறுத்திய கட்டளை அவன் கையில் இருக்கவில்லை. இணையத் தரகிலும் அவ்வாறு நிகழ்ந்தது. 2020 ஏப்ரலில் அமேசன் தன் தரகு வீதங்களைக் குறைத்தது. தளபாடங்களுக்கு நூற்றுக்கு எட்டாயிருந்தது மூன்றாயிற்று. பலசரக்குக்கு ஐந்தாயிருந்தது ஒன்றாயிற்று. இத்தகைய பொருள்களுக்கு அவ்வொரு கடையையே நம்பியிருந்தோரின் வருவாய் பெரிதும் குறைந்து போயிற்று.

இவற்றையெல்லாம் கற்றபின் மாணவனை ஒன்று கேட்டோம்: “உன்னிடம் அயலவர் எதைப் பற்றிக் கேட்டு வருவர்?” அவன் சிறிது நேரம் யோசித்து, “தண்ணி மோட்டர்” என்றான். தகப்பனார் தோட்டம் செய்பவர். மோட்டர் பழுதானாற் கழற்றிப் பூட்டுவது இவன் வேலை. நிலத்தின் மேல் வைக்கும் மோட்டர் ஏறத்தாழ இருபத்தைந்து அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சமாட்டாது என்பதும், புட்வால்வு காற்று விட்டால் எவ்வளவு விலை கொடுத்த மோட்டரும் வீண் என்பதும், நம் சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் குழாய்களில் வெள்ளையாய்ப் படிந்து அடைக்கும் என்பதும் அவன் கைகள் அறிந்தவை. ஆவணி, புரட்டாதியிற் கிணறு வற்றும்போது யாழ்ப்பாணத்தார் எல்லாரும் இவற்றையே ஒருவரை ஒருவர் கேட்பர். விலையும் சிறிதன்று, உதிரிப்பாகங்களும் வேண்டிக்கொண்டே இருக்கும். மாடத்தின் அளவு பொருந்திற்று.

தளத்தைத் தமிழில் எழுதுமாறு சொன்னோம். முதற் கட்டுரைக்கு ‘நீரிறைக்கும் இயந்திரங்கள்’ என்று தலைப்பிட்டதும் நாமே. ஒருவரும் வரவில்லை. மக்கள் தேடும் சொற்கள் எவை என்பதைக் காட்டும் கூகிள் றென்ட்ஸ் முதலிய இலவசக் கருவிகளைப் பார்த்தபோதுதான், இயந்திரம் என்று தேடுவார் எவருமில்லை, மோட்டர் என்றே தேடுகின்றனர் என்பது புலனாயிற்று. இருபதாண்டு தனித்தமிழ் கற்பித்தவர்க்கு இது சிறிது கசப்பான பாடமே. தலைப்பை மாற்றினோம், ஆட்கள் வந்தனர்.

வெளிநாட்டுக் கடைகளின் தரகு எவ்வழியில் இந்நாட்டு வங்கிக்கு வந்து சேரும் என்பதைத் துறை தெரியுமுன்னரே விசாரித்தல் நன்று. பணம் ஈட்டியும் எடுக்க முடியாமல் நிற்போர் உளர். நம் மாணவன் அத்தொல்லையைத் தவிர்த்தான். நகரிலுள்ள இரண்டு இரும்புக்கடைகளுக்கு நேரே சென்று, தன் குறியெண்ணைச் சொல்லி வருவோர் வாங்கும் மோட்டருக்கு நூற்றுக்கு நான்கு தருமாறு பேசிக்கொண்டான். ஒரு கடையை நம்பாமல் இரண்டாகக் கொண்டது அவன் தானே செய்த தீர்மானம்.

ஒன்றை மட்டும் நாம் வற்புறுத்தினோம். இதனை நீங்கள் வாங்கினால் எனக்குத் தரகு உண்டு என்று ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எழுதுதல் வேண்டும் என்பது அது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளிற் தரகர் துண்டால் மறைத்து விரல் பிடித்து விலை பேசுவர். இணையத்தில் அத்துண்டு ஆகாது. அமெரிக்கச் சட்டமும் அவ்வெளிப்படையைக் கேட்கிறது. எழுதினால் ஆட்கள் ஓடிவிடுவர் என்று அவன் அஞ்சினான், ஓடவில்லை. தரகுக் கடைகளில் இல்லாத ஒரு மோட்டரே தோட்டத்துக்கு நன்று என்று அவன் எழுதிய பக்கத்தையே மிகுதியானோர் வாசிக்கின்றனர். அதில் அவனுக்கு ஒரு சதமும் இல்லை. ஆனால் அதை வாசித்தோர் மற்றப் பக்கங்களுக்கும் வருகின்றனர்.

முதல் இரண்டு மாதமும் ஒன்றும் விற்கவில்லை. மூன்றாம் மாதம் மூன்று மோட்டர் விற்றன. ஒவ்வொன்றும் 45,000 ரூபா. தரகு 5,400 ரூபா. சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை, வட்டி கட்டப்படுகிறது. சென்ற சனிக்கிழமை அவன் சூரியவொளியில் இயங்கும் மோட்டர் ஒன்றைப் பார்ப்பதற்காக அச்சுவேலிப் பக்கம் சைக்கிளிற் போயிருந்தான். அது வெயில் மங்கிய மாலையில் எவ்வளவு நீர் இறைக்கிறது என்று வாளியால் அளந்துவந்து, அக்கணக்கைத் திருத்தித் தருமாறு நம்மிடம் தந்திருக்கிறான்.